குஞ்சப்பனையில் நின்ற பெட்டி

நின்றதிலிருந்து மூன்றாம் நாள் அல்ல,
தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாள்
என்று எத்தனை முறை சொல்லியும்
ஒன்பதாம் நாளில் வந்து நின்றாள் ஞானசுந்தரி.
"அரவேணு பேக்டரியில நைட் ஷிப்ட், லீவு தரல."
ஒன்பதாம் நாள் இரத்தம் வேறு கதை சொல்லும்.
அடுத்த மாதம் வா என்றேன்.
"அடுத்த மாசம்னு ஒண்ணு
எனக்கு வந்தாத்தானே."

படிவத்தில் பதினோராம் கேள்வி:
உங்கள் மாதவிடாய் முறையானதா, முறையற்றதா?
பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்
கெந்தொரையிலிருந்து வந்த காவேரி:
"முறையற்றதுன்னு என் கையாலயே எழுதி
அதை எங்க வீட்டுல பார்த்தா?"
அடித்துவிட்டு 'நாள் தள்ளிப் போகிறதா' என்று மாற்றினோம்.
அதற்கும் சிரித்தார்கள்.
நாள் தள்ளிப் போச்சு என்று
மாமியார் மூன்று தடவை லட்டு வாங்கியாச்சாம்.

நீர்க்கட்டி என்று சொல்லாதே என்பார் டாக்டர் பிரமிளா.
கட்டி என்றால் அறுக்கச் சொல்வார்கள்.
அது கட்டியே இல்லை,
வளரக் கிளம்பிப் பாதியில் நின்ற முட்டைப்பைகள்.
ஸ்கேன் திரையைப் பார்த்து ஒருத்தி சொன்னாள்,
"மரத்தக்காளியைக் குறுக்கே வெட்டின மாதிரி இருக்கு."
எங்கள் ஆய்வுத் திட்டத்தின் அறுபது பக்கங்களில்
இவ்வளவு தெளிவாக ஒரு வரி கிடையாது.

போன செவ்வாய் பன்னிரண்டு குழாய்கள்.
சுழற்றி, தெளிநீர் பிரித்து, எண் ஒட்டி,
ஐஸ் அடுக்கிய பெட்டியை மடியில் வைத்து
கோத்தகிரியில் ஒன்றேகால் பஸ் ஏறினேன்.
கோவையில் ஆறு மணிக்கு ஆய்வகம் பூட்டிவிடும்.
குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்திருந்தது.
முன்னால் லாரி, அதற்கு முன் முட்டைகோஸ் வண்டி,
அதற்கும் முன் இன்னொரு பஸ்,
வளைவின் ஓரமாய் வரிசையாக.
எல்லாம் கிளம்பியவைதான்.
சட்டென்று அந்தத் திரை ஞாபகம் வந்தது.
பக்கத்து சீட்டில் தூங்கியவரிடம் சொல்ல முடியுமா.

நாலரைக்குப் பெட்டிக்குள் கைவிட்டால் தண்ணீர்.
சரிவில் சேற்றை மிதித்து அந்தப் பக்கம் போனேன்.
மலையேற வந்து நின்றிருந்தது
கமாலுதீனின் மீன் வண்டி.
"யாரோட ரத்தம்?"
"பொம்பளைங்களோடது."
"எதுக்கு?"
"சினைப்பையைப் பத்தி ஆராய்ச்சி."
மத்தி ஒன்றைப் பிளந்து காட்டினார்.
மஞ்சளாய்ப் பிதுங்கியது சினை.
"இதுவா?"
"இதேதாங்க."
இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிப் போட்டார்,
காசு வாங்கவில்லை.
"எம் மகளுக்கும் ஆறு மாசமா..." என்று தொடங்கினார்.
என் பஸ் ஹாரன் அடித்தது.

இரவு ஒன்பதுக்கு ஆய்வகக் காவலாளி
மூக்கைச் சுளித்துக்கொண்டே
பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
பன்னிரண்டில் ஒரு குழாய் என்னுடையது.
ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும்,
அந்த வரிசையில் ஆள் குறைந்தது.
முப்பத்தொரு வயது, எடை ஐம்பத்திரண்டு,
நாள் தவறாதவள் என்று
நானே எழுதி நானே கையெழுத்திட்டேன்.
கடைசியாக எப்போது என்ற கட்டத்தில்
வாய்க்கு வந்த ஒரு தேதி.
யாரையெல்லாம் திருத்தியிருக்கிறேன்,
பொய்த்தேதி போடாதீங்க என்று.

வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து போன்.
பெட்டி முழுக்க ஏன் மீன் வாடை?
அதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.
ஏழாம் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டீர்களா,
மற்ற வரிசையில் இருக்க வேண்டியது போலிருக்கிறதே?
பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

வாசலில் ஞானசுந்தரி,
முடியில் இன்னும் தேயிலைத் தூள்.
"வந்துருச்சு. இன்னிக்கு மூணு" என்கிறாள்
பந்தயத்தில் ஜெயித்தவள் போல,
கேட்பதற்கு முன்பே
கையை நீட்டிக்கொண்டு.